கோபுரம் பார்க்க அவிழ்த்த பெல்ட்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நடந்தது இது. என் பத்து வயது மகளுக்குச் சென்னையில் காலில் ஆபரேஷன் ஆகி, தொடை வரை மாவுக்கட்டு. ரயிலின் உலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நானும் அவளும் முதல் தடவையாக விமானத்தில் ஊர் திரும்பினோம்.

இறங்கப் போகிறோம், பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இருவருக்கும் இறுக்கிக் கட்டினேன். அந்த நேரம் பார்த்து, தென்னை மரங்களுக்கு நடுவே கோயில் கோபுரம் தெரிந்தது. எங்கள் வலியசாலைத் தெருக்காரர்கள் வெளியூர் போய்த் திரும்பும்போது கோபுரத்தைக் கண்டால் உட்கார்ந்தபடி கும்பிடுவதில்லை.

"எங்கேப்பா? நேக்குத் தெரியலியே!" என்றாள் மகள்.

அவள் பெல்ட்டை அவிழ்த்து ஜன்னலோரம் தூக்கி நிறுத்தினேன். என்னுடையதையும் அவிழ்த்துவிட்டு எழுந்து, இரண்டு கையையும் கூப்பினேன்.

"இரியும் சாமி! விமானம் இறங்கறதாக்கும்!" என்று உட்காரச் சொல்லிப் பின் ஸீட்டிலிருந்த மலையாளி வியாபாரி கத்தினார்.

அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. வேகம் குறையவே இல்லை. விமானம் தன்பாட்டுக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கியது. ஜன்னலில் ஒரு தென்னந்தோப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. தேடினால் பெல்ட்டின் நுனி கைக்கு அகப்படவில்லை. அவளை ஸீட்டில் கிடத்தி, கட்டுப் போட்ட காலை என் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, அவள்மேல் கவிழ்ந்து ஸீட்டுக் கம்பியைப் பற்றினேன். கை போனாலும் சரி, விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்பா, மூச்சு முட்டறது."

முட்டட்டும் என்று இன்னும் இறுக்கினேன்.

திடீரென்று இடப்பக்கத்து எஞ்சின் மட்டும் உறுமியது. விமானம் அரை வட்டமாகச் சுழன்றது. என் தோளில் ஏதோ பிசகியது. பிடி மட்டும் நழுவவில்லை. ஒருவழியாகத் தோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விமானம் நின்றது.

பைலட் வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குரலில் நடுக்கம் இல்லை. எண்ணெய்க் குழாய் உடைந்து பிரேக் போய்விட்டதாம். தரையில் திருப்புவதற்கும் அந்தப் பிரேக்தானாம். மிச்சமிருந்தது எஞ்சின்கள்தான், ஒன்றை முடுக்கித் திருப்பிவிட்டேன் என்றார், மாட்டு வண்டியைத் திருப்பியவர்போல. பிறகு அவர் பார்வை, அவிழ்ந்து தொங்கிய எங்கள் பெல்ட்டுகள்மேல் விழுந்தது. குனிந்து இரண்டையும் மடித்து ஸீட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

வியாபாரிதான் சொன்னார்: "கோபுரம் அவிடேயே இருக்கும் சாமி. கும்பிட நம்மளல்லே இருக்கணும்!"

மகள் இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். எனக்குத்தான் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் இன்னும் கை அவளைத் தேடுகிறது. அந்தக் கோயில் இருக்கும் கோட்டைப் பக்கம் அவளோடு போகையில் நின்று கும்பிடத்தான் செய்கிறேன், ஒரே கையால். இதென்ன புது வழக்கம் என்று தெருவில் கேட்கிறார்கள். மற்றக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. இரண்டு கையையும் கூப்பிய அந்த ஒரு நிமிஷத்தில் அவளைப் பிடிக்க எனக்குக் கை இல்லாமல் போனதை நான் மறப்பதாக இல்லை.