வால் உடைந்த மீன்

பழைய வீடு என்றால் எனக்குக் கால் நிற்காது. போன வருடம் கம்பத்திலிருந்து பஸ் ஏறி, நாகப்பட்டினம் பக்கம் கடலோரத் தெருக்களில் வீடு வீடாகப் பார்த்துத் திரிந்தேன். ஒரு வீட்டின் தேக்குக் கதவில் இரண்டு மீன்கள் செதுக்கியிருந்தார்கள். ஒன்றுக்கு வால் உடைந்திருந்தது. படமெடுத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். கதவு திறந்தது.

“யாருப்பா நீ? கதவு புரோக்கரா?” என்று கேட்டார் உள்ளேயிருந்த அக்கா.

“இல்லக்கா, தேனிப் பக்கம். பழைய வீடு பாக்கப் பிடிக்கும், அம்புட்டுத்தான்.”

“கதவு பாக்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தே? காதுல பூ சுத்தாதே. நாங்க வாடகைக்கு இருக்கோம். கதவுக்கு வெல வரும்னு தெரிஞ்சா வீட்டுக்காரர் எங்களக் காலி பண்ணச் சொல்லிடுவார். கெளம்பு.”

நான் தெருமுனை திரும்பும்வரை முறைத்துக்கொண்டே நின்றார். எனக்கு ஒரே கோபம். நான்தான் புரோக்கர் இல்லையே! அன்றைக்கே படத்தைத் தெருப்பெயரோடு இணையத்தில் போட்டேன். லைக் குவிந்தது.

சமீபத்தில் சுருளிப்பட்டிப் பக்கம் திறந்திருக்கும் ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். வாசலில் அதே கதவு. வால் உடைந்த அதே மீன்.

“இதை நான் படமெடுத்திருக்கேண்ணே” என்றேன் மேலாளரிடம்.

“அட, நீங்கதானா? அதப் பாத்துத்தான் தம்பி எங்க முதலாளி தேடிப் போனாக. தெருப்பேரு வரைக்கும் போட்டிருந்தீகளே!”

“அந்த வீடு?”

“அத இடிச்சாச்சுல்ல.”

இப்போதெல்லாம் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்த அக்கா எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.