சன்னலைச் சாத்தியவன் எழுதுவது

எங்கள் அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுத்து வைக்க வீட்டில் யாருக்கும் இன்னும் கை வரவில்லை. அழாமல் எழுத எனக்குத் தெரியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சித்தையன்கோட்டையில். வெங்காயத்தில் அப்பா நொடித்துப்போன வருடம், படிப்பை நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, சித்தப்பாதான் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய் அவரை நர்சிங் படிப்பில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சித்தப்பா என்றால் உயிர்.

திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் அக்காவுக்கு வேலை. நெபுலைசரில் மருந்துப் புகை வைக்கும்போது நோயாளி விடும் மூச்சும் இருமலும் அறை முழுக்கப் பரவும், பக்கத்தில் நிற்பவருக்கும் தொற்றும் என்பது அவருடைய ஓயாத கவலை. சன்னல் திறந்திருக்க வேண்டும், மின்விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டும், துணைக்கு ஒருவர்தான், அவரும் முகக்கவசத்தோடு. நாங்கள் 'சன்னல் போலீஸ்' என்று கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார், விட்டுக்கொடுக்க மாட்டார்.

சென்ற ஆண்டு சித்தப்பா மூச்சிரைப்பும் காய்ச்சலுமாக அதே வார்டில் படுத்தார். நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்க்காதவரை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டோம். வேன் பிடித்துப் பதினோரு பேர் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றோம். புகை ஓடிக்கொண்டிருந்தது.

"சில்லுனு அடிக்குதுப்பா, அந்தச் சன்னலச் சாத்து" என்றார் சித்தப்பா. சாத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். அத்தை அவர் முகத்து மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக் காபி கொடுத்தார்.

சேதி கேட்டு அக்கா ஓடிவந்தார். வந்த அவசரத்தில் தன் முகக்கவசத்தைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க! யாரு சன்னலச் சாத்துனது?"

நான் தலையைக் குனிந்துகொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"சொந்தச் சித்தப்பனப் பாக்க வந்தவங்கள இம்புட்டு மரியாதையாவா அனுப்புவ?" என்று அத்தை அழுதார். தன்னைப் பார்க்க வந்தவர்களை விரட்டியது தன்னையே விரட்டியது போல என்று சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரையும் அனுப்பிவிட்டு அக்கா மட்டும் அந்த அறையில் நின்று எல்லாவற்றையும் சரிசெய்தார்.

சித்தப்பா குணமாகி ஊர் திரும்பினார். அக்கா காய்ச்சலில் விழுந்தார். அன்று தொற்றியதுதானா என்று டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கடைசி நாட்களில் நான் வார்டு வாசலில் நின்றுதான் போனில் பேசினேன். "உள்ள வராதலே, வீட்டுல பிள்ளைக இருக்கு" என்பார். ஒருநாள், "நான்தான்க்கா சாத்துனேன்" என்றேன்.

"தெரியும்லே. அப்பவே உன் மூஞ்சியில இருந்துச்சு." மூச்சு வாங்கியது. "அவமானப்படுத்தணும்னு விரட்டலன்னு சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிரு."

நான் சொல்லவில்லை. சித்தப்பா காரியத்துக்கும் வரவில்லை.

அக்காவைத் தங்கள் உடன்பிறப்பாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மருத்துவர்களுக்கும், தெரு சனத்துக்கும் குடும்பத்தார் கைகூப்புகிறோம்.

அக்காவின் இந்த நினைவு மலரின் முதல் பிரதியைச் சித்தையன்கோட்டைக்கு நானே எடுத்து வருகிறேன். சித்தப்பா, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டி முடித்த பிறகு, என்னோடு கிளம்பி வந்து அக்காவின் படத்துக்கு ஒரு பூ வையுங்கள்.