ஆறவிட்டுப் பற்றவைத்த மட்கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வாங்கும் லோரி ரிங்லெட் டவுனிலிருந்து எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வந்தது. இரும்பு ஏற்றாமலே திரும்பியது!

அது வந்தது என் அண்ணனின் காருக்காக. தோட்ட மேனேஜராக இருந்த பழைய துரை தன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் – இரண்டே சீட். தேயிலை ஃபேக்டரியில் வெல்டராக இருக்கும் அண்ணன் அதற்கு அகல டயர்களை மாட்டினார். நான்கும் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அப்படியே ரோட்டில் விட முடியுமா? மட்கார்டை வெட்டி, தகரம் சேர்த்து, அகலமாக்க வேண்டும்.

இரண்டு வருஷமாகக் கார் வாசலை அடைத்து நின்றதைப் பார்த்து அப்பா கெடு வைத்தார். "ஞாயித்துக்கெழம லோரி வரும். ஓடுனா ஒன்னுது. ஓடலன்னா அவனுது லா."

வெள்ளிக்கிழமை அண்ணன் முதல் மட்கார்டைப் பற்றவைத்தார். முனையிலிருந்து முனைக்கு, ஒரே இழுப்பில்... ஃபேக்டரியில் தடித்த இரும்புக்குப் பழகிய கை அல்லவா? மெல்லிய தகரம் சூட்டில் அப்பளமாக நெளிந்தது.

"என்னடா, காருக்குக் காது மொளச்சிருக்கு?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

கார் சீட்டுக்கடியில் துரையின் ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது, கார் ரிப்பேர் பற்றியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தேன்.

"அண்ணே, ஒரே இழுப்பா இழுக்கக்கூடாதாம். இங்க ஒரு பொட்டு, அந்தக் கோடியில ஒரு பொட்டு. ஆறுனதும் நடுவுல ஒன்னு."

"பத்து வருஷமா பத்தவைக்கிறேன். நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா, டீச்சரம்மா?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அவ சொல்றது சரிதான்டா. ஜாக்கெட்டுக்கு மொதல்ல நூலோட்டிட்டுத்தானே மெஷின்ல தைக்கிறேன்? இல்லன்னா துணி இழுத்துக்காதா?"

எழுத்தே தெரியாத அம்மாவும் ஆங்கிலப் புத்தகமும் ஒரே பேச்சு பேசினால், பாவம், அண்ணன் என்ன செய்வார்?

நெளிந்த தகரத்தை வெட்டி எறிந்தார். சனிக்கிழமை முழுக்க நான் புத்தகமும் கையுமாக நின்றேன். "ஆறட்டும்ணே... இப்ப அந்தப் பக்கம்." பொட்டுப் பொட்டாக நான்கு மட்கார்டும் வளைந்து, வழுவழுவென்று உட்கார்ந்தன!

ஞாயிறு காலை லோரிக்காரர் கயிற்றோடு இறங்கினார். அண்ணன் சாவியைத் திருப்பினார். இருமியது... செருமியது... உறுமியது! லயமே கை தட்டியது.

ரிங்லெட்வரை ஓட்டிக் காட்டலாம் என்றார் அண்ணன். அப்பா வந்து கார்க் கதவைத் திறந்தார். அவர் உட்காரத்தான் என்று நினைத்தேன். "ஏறும்மா. நீ படிச்சதாலதான் ஓடுது" என்றார்.

புத்தகமும் கையுமாகவே ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா? இரும்பு லோரியில் ஏறி, எங்கள் பின்னாலேயே வந்தார்.