மகெலேசி அம்மாளின் ‘மாட்டேன்’ வகுப்பு

தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டால் மகெலேசி அம்மாள் சாத்தான். நேராகப் போட்டுக்கொண்டால் ஆசிரியை. வியாழக்கிழமை காலைகளில், சிறைச்சாலையின் பழைய தச்சுக்கூடத்தில், அந்தத் தொப்பி ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். சாத்தானாக இருக்கும்போது இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, உதட்டோரத்தில் தீக்குச்சி ஒன்றைக் கடித்துக்கொண்டு, முன்வரிசைக் கைதியின் தோளில் கை போட்டு, "என்ன மச்சான், இப்பல்லாம் கண்ணுலயே பட மாட்டேங்கற. ஒரே ஒரு பாட்டில். யாருக்குத் தெரியப் போவுது?" என்பார். கையில் பீர் பாட்டில் இருக்கும். உள்ளே இருப்பது எலுமிச்சை இலைத் தேநீர். கைதி அவர் கண்ணைப் பார்த்து ‘மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

கைதி பாட்டிலை இரண்டு கைகளாலும் பணிவாக வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நன்றி அத்தை" என்பான்.

மகெலேசி அம்மாள் தொப்பியை நேராக்கிக்கொண்டு பெருமூச்சு விடுவார். அடுத்த ஆளிடம் போவதற்குள் பாட்டிலை மறுபடி நிரப்ப வேண்டும். மறுத்துப் பழகுவதற்காக அவர் சுட்டுக் கொண்டுவரும் மரவள்ளிக் கேக்கில் இன்றுவரை ஒரு துண்டும் வீடு திரும்பியதில்லை.

பாடத்திட்டம் வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று அனுப்பிவைத்தது. கோபத்தை அடக்குவது, குடும்பத்தோடு பேசுவது, வேலை தேடுவது என்று எல்லாவற்றையும் வேத வசனத்தோடு சேர்த்துச் சொல்லித்தருகிற நல்ல புத்தகம். கடைசிப் பாடம்தான் ‘மாட்டேன் என்று சொல்லப் பழகுதல்’. முதுகை நிமிர்த்து, கண்ணைப் பார், உறுதியாகச் சொல், விளக்கம் தராதே என்று நாலு வரி போட்டிருக்கிறது. எழுதின மகராசனுக்கு மச்சான் யாரும் கிடையாது போலிருக்கிறது. ஃபிஜியில் பிறந்து வளர்ந்த எவனாலும் அந்த நாலு வரியைச் சிரிக்காமல் படிக்க முடியாது. சொந்தக்காரன் வந்து ‘கெரெகெரெ’, அதாவது ‘கொஞ்சம் கொடேன்’ என்று கேட்டுவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். நம் ஊரில் ஒரு வீடும் பட்டினி கிடக்காததற்குக் காரணம் அதுதான். ஒரு வீட்டிலும் நாற்காலிகள் ஜோடியாக இல்லாததற்கும் அதுவேதான்.

ஆசிரியை மட்டும் என்ன வாழ்ந்தது? ஊருக்குத்தான் உபதேசம். அரசாங்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை ஆண்டு அனுபவித்து ஓய்வு பெற்ற அம்மாள் அவர். வார்டு வார்டாக நர்சுகளை நடுங்க வைத்த குரல். ஆனால் தம்பி ஒருவன் வாசலில் வந்து தலையைச் சொறிந்தால் போதும், உள்ளே இருக்கும் சாமான் வெளியே நடந்துவிடும். அவருடைய டெலிவிஷன் மூன்று வருஷமாகத் தம்பி வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் ரக்பி ஆட்டம் என்றால் அம்மாள் ஒரு தட்டு வேகவைத்த சேம்பும் எடுத்துக்கொண்டு அங்கே போய், தன் டெலிவிஷனை விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். தட்டும் அங்கேயே தங்கிவிடும்.

வகுப்பு எப்போதும் பாமாலையோடுதான் தொடங்கும். அதில்தான் முக்கால்வாசி நேரம் போய்விடுகிறது. கொள்ளை, அடிதடி, களவு என்று வந்த ஆட்கள் நாலு குரலில் பிரிந்து பாட ஆரம்பித்தால் காவலாளிகளும் ஜன்னலோரம் வந்து கட்டைக்குரலில் சேர்ந்துகொள்வார்கள். ‘இன்னொரு சரணம் பாடலாமா அத்தை?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கு மாட்டேன் என்று சொல்லவும் அம்மாளுக்கு வராது.

பாட்டு முடிந்து வேதத்துக்கு வந்தால் கிட்டியோனே கையைத் தூக்குவார். சிறையிலேயே நரைத்த மனிதர், முன்னாள் உபதேசியார், கோயில் ஆர்கனை விற்றுவிட்டு உள்ளே வந்தவர். வனாந்தரத்தில் இயேசு பிசாசின் சோதனையை மறுத்த கதையை மகெலேசி அம்மாள் உருக்கமாகச் சொல்லி முடித்த அன்று, அவர் எழுந்து நின்று நிதானமாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தங்கச்சி. கல்லை அப்பமாக்குன்னு கேட்ட பிசாசு, அவருக்கு மச்சான் முறையா?"

வகுப்பு யோசித்தது. இல்லை என்றார் அம்மாள்.

"அதான பார்த்தேன். அந்நியன்கிட்ட மாட்டேன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு பாடம்?"

அம்மாள் விடவில்லை. அடுத்த வாரம் ஆசைகாட்டிப் பிடித்து இழுத்த போத்திபாரின் மனைவியிடம் அங்கியை விட்டுவிட்டு ஓடிய யோசேப்பைக் கொண்டுவந்து பார்த்தார். சட்டையைக் கொடுத்துவிட்டு ஓடினால் நாளைக்குக் கால்சட்டையையும் கேட்டு வருவார்கள் என்று வகுப்பு ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அம்மாள் இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகிறவர்தான். சிரிக்க முடியாமல் போனது அமினியாசி விஷயத்தில். மலைபோல் ஆள், பூனைபோல் பேச்சு. அவன் தானாக ஆசைப்பட்டு ஒரு குண்டூசியும் திருடியதில்லை. மச்சான் கலியோவா வண்டி ஓட்டச் சொல்லிக் கேட்டான், ஓட்டினான், அவ்வளவுதான். முதல் தடவை படகு இஞ்சின்கள். பறிகொடுத்தவர் தேடுவதற்குத் துணைக்குக் கூப்பிட்டார். இவன் கூடப் போய், ‘உனக்கு ஏதாவது தெரியுமா தம்பி?’ என்று அவர் வாய்விட்டுக் கேட்டதும் இடத்தைக் காட்டிவிட்டான். இரண்டாம் தடவை ஒரு வண்டி நிறைய உறைந்த கோழி. வழியில் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி லிஃப்ட் கேட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏற்றிக்கொண்டான். காலுக்கடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகிய ஐஸ் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் குனிந்து பார்க்கும்வரை இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் தடவை வந்தால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தகப்பனார் தீவுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் வம்பு தும்பு இல்லாமல் இருந்தால் திரும்பி வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்பது அவள் பேச்சு. விடுதலை நாள் குறித்தாகிவிட்டது. அழைத்துப்போக வாசலுக்கு வரப்போவது யார் என்று கேட்டால், கலியோவாவைத் தவிர வேறு ஆள் இல்லை. மகெலேசி அம்மாளுக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் அவருக்குப் பசிக்கும். அந்த மாதம் இரண்டு சுற்று பருத்துவிட்டார்.

விடை ஜெபத்தில் வரவில்லை, தம்பி வடிவில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் வந்து தலையைச் சொறிந்தான். சலவை இயந்திரத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று அம்மாளுக்குத் தெரியும். ஏதோ ஒரு பதற்றத்தில், அவன் வாய் திறப்பதற்குள், "தம்பி, அந்த மரத்துல ஏறி நாலு தேங்காய் பறிச்சுப் போடுறியா?" என்று கேட்டுவிட்டார். கேட்டாகிவிட்டதே, அவனால் என்ன செய்ய முடியும்? ஏறினான், பறித்தான், வியர்க்க விறுவிறுக்க இறங்கி, வந்த காரியத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு போயே போய்விட்டான். மரத்தடியில் நின்ற அம்மாளுக்கு ஞானம் பிறந்தது. நம் ஆட்களுக்கு மாட்டேன் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. பந்திக்கு முந்து என்கிற மாதிரி, கேட்கிறவனுக்கு முந்திக் கேட்டுவிட வேண்டும்.

வியாழக்கிழமை அதைப் பாடமாக நடத்தினார். வெளிநாட்டுப் புத்தகம் மூடியே கிடந்தது. அத்தனை நாளில் முதல்முறையாக வகுப்பு முழுக்கத் தேறியது.

ஆனால் தேறியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் சிறைச்சாலை தலைகீழாகிவிட்டது. எதிரே ஆள் வந்தால் வணக்கத்துக்குப் பதிலாகக் கெரெகெரெ. சோப்பு, போர்வை, மத்தியானச் சோற்றின் டின் மீன், எல்லாம் கைமாறிக் கைமாறி எது யாருடையது என்று கடவுளுக்கே தெரியாமல் போயிற்று. வாய் மந்தமானவர்கள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். கண்காணிப்பாளர் இலைசா ரோந்து வந்தபோது கிட்டியோனே அவர் செருப்பு அழகாக இருக்கிறது என்று தொடங்கி, கேட்டே வாங்கிவிட்டார். அதிகாரி வெறுங்காலோடு அலுவலகம் திரும்பினார்.

அவர் கோபமாக வகுப்புக்கு வந்தார். இன்றோடு இந்தப் பாடம் நிறுத்தம் என்று சொல்லத்தான் வந்தார். வாசற்படியில் கால் வைத்ததுமே மகெலேசி அம்மாள், "ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கூடம் ரொம்பப் புழுங்குது, ஒரு மின்விசிறி போட்டுக் குடுங்களேன்" என்றார். இலைசாவின் உதடு இரண்டு மூன்று தரம் அசைந்தது. மின்விசிறி மறுநாள் வந்தது.

விடுதலை நாளன்று அம்மாள் கோயிலுக்குப் போடும் பூப்போட்ட நீள உடையில், குடையோடு, சிறைவாசலில் வந்து நின்றார். உள்ளே வகுப்பு முழுவதும் சேர்ந்து அமினியாசிக்குக் கடைசி நிமிடம் வரை ஒத்திகை நடத்தியிருந்தது. "அவன் வாயைத் தொறக்கறதுக்குள்ள கேட்டுடணும், தெரியுதா? வண்டியைக் கேளு, சட்டையைக் கேளு, எதையாவது கேளு." அமினியாசி தலையாட்டினான். சட்டையைக் கேட்பது என்று முடிவாயிற்று.

சிறைக்குள் நடப்பது வெளியே தெரிய நம் ஊரில் பத்திரிகை வேண்டியதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போதே கலியோவா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "மச்சான், இன்னிக்கு ராத்திரி நீ எனக்கு வண்டி ஓட்டணும். கேட்டுட்டேன். நான்தான் மொதல்ல கேட்டேன்."

அமினியாசி அப்போதுதான் வாசலைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்திருந்தான். சட்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது. வண்டி அவன் முன்னால் வந்து நின்றது. கலியோவா உள்ளிருந்தபடியே ஓட்டுநர் இருக்கையை விட்டு நகர்ந்து உட்கார்ந்து, அதைத் தட்டிக்காட்டினான். எல்லாம் முடிந்தது என்று மகெலேசி அம்மாள் நினைத்தார். அழுகை வந்தது.

"மாட்டேன் மச்சான்" என்றான் அமினியாசி.

கொசுவின் குரலில்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டான். கலியோவா காதில் விழவில்லை என்றதும் இன்னொரு தரமும் சொன்னான். சொன்னதுதான் தாமதம், நடுரோட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிளாஸ்டிக் பையைத் துழாவினான். துண்டும் பல்துலக்கியும் வழிக்கென்று வைத்திருந்த கிரீம் பிஸ்கட் பாக்கெட்டும்தான் இருந்தன. பாக்கெட்டை எடுத்து, பெரிய சடங்குகளில் திமிங்கிலப் பல்லைச் சமர்ப்பிப்பது போல இரண்டு கைகளிலும் ஏந்தி, தலையைக் குனிந்து, மச்சானின் சொல்லைத் தட்டிய குற்றத்துக்கு முறைப்படி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான்.

முறை என்று வந்துவிட்டால் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வாசல் காவலாளி உட்கார்ந்தார். வழியனுப்ப வந்த இலைசா உட்கார்ந்தார். பின்னால் வந்த பஸ் நின்றது, உள்ளே பேச்சு அடங்கியது. மன்னிப்புப் பொருளை எதிராளி கையால் தொட்டுவிட்டால் பேச்சு தீர்ந்தது. அதற்கப்புறம் அதே காரியத்தை மறுபடி கேட்க முடியாது. கலியோவாவுக்கும் அது தெரியும். அதனால் அவன் கையை நீட்டாமல் வண்டியை விட்டு இறங்கி, சட்டத்தில் ஓட்டை தேடினான்.

"பின்னால ஒரு ஆள் இல்லாம மன்னிப்புக் கேக்கறியே, இதை எப்படிடா நான் வாங்குறது? உனக்கு யாரு இருக்கா?"

கேள்வியில் தப்பில்லை. சொந்தம் ஒருவராவது பின்னால் உட்கார்ந்தால்தான் அது மன்னிப்பு, இல்லாவிட்டால் வெறும் பிஸ்கட். அமினியாசி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒருவரும் கிடையாது என்று அவனுக்கே தெரியும்.

மகெலேசி அம்மாள் குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடந்து வந்து, அமினியாசியின் முதுகுக்குப் பின்னால், அத்தனை உடம்பையும் மெல்ல மெல்ல இறக்கி, கால்களை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

கலியோவா அவரைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். வண்டியின் இஞ்சினை அணைத்துவிட்டு வந்து, அவனும் எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பிஸ்கட் பாக்கெட்டைத் தொட்டான். மன்னிப்பு ஏற்கப்பட்டதற்கு அடையாளமாகக் கூட்டம் முழுவதும் குவித்த கையால் தட்டியது. மகெலேசி அம்மாள் மட்டும் தட்டவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டி, மேலே ஏறிப்போயிருந்த அமினியாசியின் சட்டையை முதுகுப் பக்கம் கீழே இழுத்துவிட்டார்.