விளிம்புவரை ஊற்றிய காப்பி

மாதாபா நகரில் அந்தச் சின்ன விடுதியின் முன்னறை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ருதைனாவின் கையில்தான் இருந்தது. ஆடு விற்க வருகிறவர்கள் ஏசினால் பதில் பேசமாட்டாள். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சாவியை மேசைமேல் வைப்பாள். அவர்களும் முணுமுணுத்தபடி படியேறிவிடுவார்கள்.

கொழுந்தன் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து சிஹாமைக் கட்டிக்கொண்டு வந்தபின் நிலைமை மாறியது. வெந்நீர் வரவில்லை என்று துண்டை வீசிய ஒரு வாடிக்கையாளனிடம் சிஹாம், "நீங்களே இந்தக் கொதி கொதிக்கிறீங்க, வெந்நீர் எதுக்கண்ணே?" என்றாள். அவனும் சிரித்துத் தொலைத்தான். ருதைனாவுக்கு வயிறு எரிந்தது. தன்னைப் பார்த்து எந்த வாடிக்கையாளன் சிரித்திருக்கிறான்? போதாததற்கு, முன்னறையைச் சின்னவளிடம் விட்டுவிட்டு அடுப்படியைப் பார்க்கலாமே என்றான் கணவன் ஃபவ்வாஸ்.

மறுநாள் அபூ நாயிஃப் வந்தார். எதையாவது ஏசாமல் உட்காராத கிழவர். சிஹாம் காப்பிக் கூஜாவை எடுத்தாள். அந்த ஊரில் கோப்பையின் அடியில் ஒரு மிடறு ஊற்றுவதே மரியாதை. நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டு நடையைக் கட்டு' என்று பொருள். அது எகிப்துக்காரிக்குத் தெரியாது. கை தாராளமாகச் சாய்ந்தது. கதவோரம் நின்ற ருதைனா, ஊற்றட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கிழவரின் முகம் கறுத்தது. சிஹாமைப் பெற்றவளை ஏசினார். பிறந்த ஊரை ஏசினார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றது. எதற்கு இந்த ஏச்சு என்றே தெரியாமல் விழித்தாள்.

ருதைனாவுக்கு இனித்தது. ஆனால் அந்த இனிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. போய்க் கோப்பையைக் கொட்டிவிட்டு, அளவாக ஊற்றி நீட்டினாள்.

"அவ ஊர்ல நெறைய ஊத்துறதுதான் மரியாதை. தெரியாம செஞ்சுட்டா."

"தெரியாதவளுக்கு இங்க என்ன வேலை? நீ உக்காரு. தெருவுல பொறுக்குன நாய அடுப்படியில கட்டிப்போடு."

அவள் ஆசைப்பட்டதைத்தான் சொன்னார். ஆனாலும் ருதைனா கூஜாவைச் சாய்த்தாள். காப்பி விளிம்பைத் தொட்டது.

"இது நான் தெரிஞ்சே ஊத்துனது."

அவர் போனபின் சிஹாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இனிமே நீங்களே உக்காருங்கக்கா" என்று உள்ளே போய்விட்டாள். கதவோரம் நின்று பார்த்ததை ருதைனா சொல்லவில்லை.

சற்று நேரத்தில் பெட்டியும் கடுகடுத்த முகமுமாக ஒருவன் வந்தான். அறை அழுக்கு, தெரு சத்தம் என்று அடுக்கியவன், "அந்தச் சிரிக்கிற பொண்ணு இல்லையா?" என்றான்.

ருதைனா பல்லைக் கடித்துக்கொண்டு சிஹாமைக் கூப்பிட்டாள். அவளுக்கு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், தன்னுடையதிலிருந்து எழவில்லை.