ஏசி பெல்ட்

வலங்கைமான் கார் ஸ்டாண்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே நிற்கிற டிரைவர்களில் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிற ஒரே ஆள் அடைக்கலராஜ். நல்ல மனிதர்தான். குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாது, வாடகையில் ஏமாற்று கிடையாது. ஆனால் அவர் காரில் ஏறிவிட்டால் நாம் மனிதர்கள் இல்லை, மூட்டைகள். கட்டிப்போடாமல் வண்டியை நகர்த்த மாட்டார்.

லாரியில் கிளீனராக ஆரம்பித்து, ஊர் ஊராக நெல் மூட்டையோடு படுத்து எழுந்து, கடைசியில் சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியவர். அதுவரை அவருக்கும் சீட் பெல்ட்டுக்கும் எந்த உறவும் இல்லை. கெடுத்தது அவர் மனைவி விண்ணரசி. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். மற்ற வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் சீரியல் ஓடும். இவர்கள் வீட்டில் அன்றைக்கு வந்த கேஸ்கள் ஓடும்.

"வண்டி உருண்டுச்சுன்னா உள்ளயே கட்டிக் கெடக்குறவன் பெரும்பாலும் பொழச்சுக்குறான். கட்டாதவன் கதவு வழியாவோ கண்ணாடி வழியாவோ வெளிய போயி விழுறான். அவன் மேலயே அந்த வண்டி வந்து உருளுது. ரசம் ஊத்தட்டுமா?"

இதைக் கேட்டுக் கேட்டு ரசம் இறங்காமல் போன மனிதர், தன் வண்டியில் யாரும் பெல்ட் இல்லாமல் உட்காரக் கூடாது என்று முடிவு கட்டினார். முடிவு கட்டுவது சுலபம். நம் ஊர் ஆட்களைக் கட்டுவது யாரால் ஆகும்?

முதலில் போலீஸ் ஃபைன் என்று பயமுறுத்திப் பார்த்தார். ஜனங்கள் பெல்ட்டை இழுத்து, அங்கவஸ்திரம் போல மார்பில் பிடித்துக்கொண்டு, சோதனைச் சாவடி தாண்டியதும் விட்டுவிட்டார்கள். சரி, உண்மையையே சொல்லிவிடலாம் என்று ஒரு நிச்சயதார்த்தப் பயணத்தில் வாயைத் திறந்தார். "தப்பித் தவறி வண்டி உருண்டுச்சுன்னா..." என்றார். அவ்வளவுதான். "போறேன்" என்றுகூடச் சொல்லாமல் "போயிட்டு வர்றேன்" என்று சொல்கிற ஊர் இது. மாப்பிள்ளையின் அத்தை சீர்த்தட்டோடு கீழே இறங்கிவிட்டார். கூட்டம் முழுக்க அதே ஸ்டாண்டில் நிற்கிற துரைக்கண்ணுவின் காருக்கு மாறியது. அதற்கப்புறம் நல்ல காரியம் எதற்கும் அடைக்கலராஜைக் கூப்பிட ஆள் இல்லை. முகூர்த்த நாளில்கூட ஸ்டாண்டில் தனியாக நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

அப்போது உதித்ததுதான் அந்தப் பொய். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. எங்களிடம் துணிந்து சொன்னார்.

"நம்ம வண்டில எல்லா பெல்ட்டும் லாக் ஆனாத்தான் ஏசி எடுக்கும் சார். கம்பெனிக்காரன் அப்புடி வயரிங் பண்ணிட்டான். என்ன பண்றது?"

சொல்லிக்கொண்டே இடது கையால் ஏசியை அணைத்துவிடுவார். எல்லாரும் மாட்டி முடித்ததும் அதே கை மறுபடி போய் வரும். குளிர் காற்று வரும். உயிருக்குப் பயப்படாத ஜனம் வியர்வைக்குப் பயந்தது. கிழவர்கள்கூட "மொதல்ல ஏசி பெல்ட்ட மாட்டு" என்று பேரன்களை அதட்டினார்கள். நானும் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், இப்படிப் பாதுகாப்பான வண்டியாகப் பார்த்து வாங்கு என்று என் மச்சானுக்கும் சொன்னேன். அவன் தஞ்சாவூரில் ஷோரூம் ஷோரூமாகப் போய்க் கேட்டு, அவர்கள் கைகொட்டிச் சிரிக்க, திரும்பி வந்தான். இப்போது என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

பங்குனி மாதம் ரிட்டயர்டு வாத்தியார் நாகேஸ்வரன் அவரைக் கூப்பிட்டார். மன்னார்குடியில் சம்பந்தி வீட்டில் மகள் ஷைலஜாவுக்கு வளைகாப்பு. அது முடிந்து, ஏழு மாதக் கர்ப்பிணியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நெடுநாளைக்கு அப்புறம் கிடைத்த நல்ல காரியச் சவாரி. அடைக்கலராஜ் வண்டிக்குச் சந்தனம் வைக்காத குறை.

புறப்படும்போது முன் சீட்டில் வாத்தியார், பின்னால் ஷைலஜா, பக்கத்தில் அவள் அம்மா நீலாயதாட்சி. பின்பக்கம் முழுக்கச் சீர் சாமான், பலகாரத் தட்டுகள், ஒரு வெள்ளிச் சொம்பு. அடைக்கலராஜ் வழக்கமான ஏசிப் பாட்டைப் பாடினார். வாத்தியார் மாட்டிக்கொண்டார். நீலாயதாட்சியம்மாள் மட்டும் மறித்தார்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு எங்கப்பா பெல்ட்டு? வயித்த அழுத்தும். எங்களுக்கு ஏசியே வேணாம். கண்ணாடிய எறக்கிக்கிறோம்."

அந்தப் பொய் தோற்றது அன்றைக்குத்தான். அடைக்கலராஜுக்கு வியர்த்தது. ஷைலஜாவின் கழுத்தில் மாலை, கை நிறைய வளையல். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் வண்டியை விட்டே இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் அந்தப் பெண் கட்டாமல்தான் வருவாள். அவர் செய்தது அக்கிரமம். டிரைவர் பக்கம் இருக்கிற பொத்தானை அமுக்கிக் கண்ணாடி எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, "எறங்கலையேம்மா, மோட்டார் மாட்டிக்கிச்சு போல" என்றார். பங்குனி வெயிலில் வாயும் வயிறுமான பெண்ணை இப்படி வேகவைக்கிற ஆளை என்னவென்று சொல்வது?

ஷைலஜா சென்னையில் சொந்தக் கார் ஓட்டுகிறவள். பொத்தானை அமுக்கிய விரலையும் பார்த்தாள், முகக் கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தையும் பார்த்தாள். அந்த முகம் கெஞ்சியது.

"அம்மா, எனக்கு ஏசி வேணும். தாங்க முடியல. அண்ணே, எப்புடிப் போடணும், சொல்லுங்க."

"அடிவயித்துக்குக் கீழ, தொடையோட படியற மாதிரி ஒண்ணு பாப்பா. இன்னொண்ணு நெஞ்சுக்கு நடுவுல. வயித்து மேல வரவே கூடாது. எங்க வீட்டுல சொல்லிக் குடுத்தது."

மகள் மாட்டியதும் அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். ஏசி வந்தது.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருக்கும் என்று கிராமத்துச் சாலையில் திருப்பினார்கள். அங்கே உளுந்து அறுவடை. செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி ஏறி உளுந்து உதிர்த்துத் தரும், கூலி மிச்சம். மெதுவாகத்தான் போனார் அடைக்கலராஜ். வளைவில் எதிரே ஒரு பைக் தலைதெறிக்க வந்தது. ஒதுங்கிப் பிரேக் போட்டார். செடிக்குக் கீழே உளுந்து மணி. சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டே போய்க் கரையை விட்டு இறங்கி, ஒரு முழுப் புரட்டு புரண்டு, இன்னொரு அரைப் புரட்டும் புரண்டு, தண்ணீரில்லாத வாய்க்காலில் மல்லாந்தது.

நாலு பேரும் வவ்வால் மாதிரி தலைகீழாகத் தொங்கினார்கள். வாத்தியாரின் வேட்டி அவர் முகத்தை மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"அடைக்கலம்! பெல்ட்டெல்லாம் போட்டுத்தான இருக்கோம்? ஏன் ஏசி நின்னுபோச்சு?"

"சார், வண்டி கவுந்துருச்சு சார். அவசரப்பட்டு பெல்ட்ட கழட்டாதீங்க, தலைகுப்புற விழுவீங்க. மொதல்ல கைய மேல ஊணுங்க."

"எதுய்யா மேல?"

"கீழ சார். கூரைல."

"கூரை மேலதானய்யா இருக்கும்?"

இலக்கணம் நடத்தியவர் அல்லவா, அந்த நிலையிலும் பிழை பொறுக்கவில்லை. உளுந்து புரட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்து ஒவ்வொருவராகத் தாங்கிப் பிடித்து வெளியே எடுத்தார்கள். வாத்தியாருக்குத் தோளில் பட்டை பட்டையாகக் கன்றியிருந்தது. அடைக்கலராஜுக்கு நெற்றியில் கண்ணாடிக் கீறல். ஷைலஜாவின் வளையல்கள் பாதி உடைந்திருந்தன. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அசையலம்மா" என்றாள்.

லோடு வேனில் மன்னார்குடிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். சாமான்களைப் பொறுக்கிய ஆட்கள் வெள்ளிச் சொம்பைக் கொண்டு வந்து நீலாயதாட்சியம்மாள் மடியில் வைத்தார்கள். வண்டியில் கட்டாமல் இருந்தது அந்தச் சீர் சாமான் மட்டும்தான். பின்கண்ணாடி வழியாகப் பறந்துபோயிருந்தது. உருண்ட வண்டி ஏறியதில் சொம்பு அப்பளமாகியிருந்தது. அந்த அம்மாள் வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அடைக்கலராஜ் சுவரோடு சுவராக நின்று ஜெபமாலை உருட்டினார். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இனி ஸ்டியரிங் தொடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் பண்ணியதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். ஸ்கேன் அறைக் கதவு திறந்திருந்தது. முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் தடதடவென்று ஒரு சத்தம், ரைஸ் மில் ஓடுகிற வேகத்தில். டாக்டர் சிரித்தார். வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

நீலாயதாட்சியம்மாள் வெளியே வந்தார். அடைக்கலராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா, ஏசிக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நான் சொன்னது பொய்."

"நெசத்த சொல்லிருக்கலாமே அடைக்கலம்?"

"சொல்லிருந்தா எறங்கிருப்பீங்கம்மா."

அந்த அம்மாள் கையிலிருந்த அப்பளச் சொம்பைப் பார்த்தார். "ஆமா. எறங்கிருப்பேன்" என்றார்.

ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அடைக்கலராஜின் கார் பட்டறையில் கிடந்ததால் துரைக்கண்ணுவின் கார் போனது. அதற்கப்புறம் நடந்ததைத் துரைக்கண்ணுதான் என் கடைக்கு வந்து புலம்பினார். ஆஸ்பத்திரி வாசலில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் நின்றார்களாம். நல்ல நேரம் பார்த்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுக்கப்போனபோது நீலாயதாட்சியம்மாள் நிறுத்தச் சொன்னாராம். பின் சீட்டில் கையைவிட்டுத் தேடினால், பெல்ட்டை மாட்டுகிற கொக்கி சீட் கவருக்கு அடியில் வைத்துத் தைத்துக் கிடந்தது.

"பிளேடு இருக்காப்பா?"

"புதுக் கவரும்மா, போன வாரந்தான் போட்டேன்..."

"இங்க இருக்குற வலங்கைமானுக்கு எதுக்கு சம்பந்தி பெல்ட்டெல்லாம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நல்ல நேரம் போவுது."

நீலாயதாட்சியம்மாள் திரும்பி, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்.

"வண்டி உருண்டுச்சுன்னா எம்பொண்ணு வெளிய போயி விழுவா சம்பந்தி. அதுக்குத்தான்."

துரைக்கண்ணு பிளேடை எடுத்துக் கொடுத்தார்.