சித்தப்பா நம்பிய விளக்கு

எங்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், "பெட்ரோல் இருக்குதா, இல்ல லைட்டு எரியட்டும்னு பாக்கறியா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். பஸ்ஸில் போகிறவர்களைக்கூட விடமாட்டார்கள். சித்தப்பா இருந்தவரை அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இந்தக் கேலி பிறந்த அன்று எனக்கு ஏழு வயது.

அப்பா ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அப்பாவின் தம்பியான சித்தப்பா அதே எஸ்டேட்டில் டிரைவர். முதலாளி மெட்ராஸில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை மலைக்கு வருவார். அவருடைய கருநீல ஜெர்மன் கார் பங்களா ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். வாரம் ஒரு தடவை அதை வெளியே எடுத்து ஓட்டி, பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்வது சித்தப்பாவின் பொறுப்பு. அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மீதி ஆறு நாளும் ஜீப் ஓட்டினார்.

ஜீப்பில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சி உண்டு. டாங்கிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜெர்மன் காரில் பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்து, பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்காகச் சித்தப்பா குச்சியைத் தேடவில்லை. முள்ளுக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் ஒரு ஆரஞ்சு விளக்கு இருந்தது.

"முள்ளு போனாப் போவுது கண்ணு. பெட்ரோல் தீரப்போவுதுன்னா இந்த லைட்டு எரியும். குச்சி உட்டுப் பாக்கறதுக்கு இதென்ன நம்ம ஜீப்பா? தானே சொல்லிரும்" என்பார். அந்தக் காரை வடிவமைத்ததே தாம்தான் என்பதுபோல் இருக்கும் அவர் சொல்லும் தோரணை.

அந்த வருஷம் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. சேலத்தில் லாரி வைத்திருந்தவர். மனைவி தவறிப்போய் இரண்டு பையன்கள். பெரியவன் என்னைவிட மூத்தவன். அக்காவுக்குப் பதினெட்டு வயது. நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப்போட்டு, நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண்கள் சண்டை போடும் வழக்கம் அத்தையோடு முடிந்துவிட்டது. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாதாம். ஆகவே சேலத்தில் ஒரு கோயிலில் பெண் பார்ப்பது என்றும், பிடித்திருந்தால் பன்னிரண்டு மணிக்குள் அங்கேயே தட்டு மாற்றிவிடுவது என்றும் பேச்சு. நாங்கள் காரில் வருவோம் என்று அப்பா முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார். எந்தக் கார் என்பதையும் சொல்லியனுப்பினார். முதலாளிக்கு மட்டும் சொல்லவில்லை.

பின் சீட்டில் அப்பா, அம்மா, தாம்பூலத் தட்டை மடியில் வைத்தபடி அத்தை. முன்னால் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் அக்கா, அவள் மடியில் நான். வளைவுகளில் எனக்கும் வாந்தி வரும். அதனால் அக்கா கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

ஏற்காடு டவுனுக்கு முந்தைய மேட்டில் எதிரே பஸ் வந்தது. இரண்டு வண்டிக்கு அங்கே இடமில்லை. சித்தப்பா காரைப் பின்னுக்கு எடுத்தார். அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க, பின் சீட்டில் இருந்த மூன்று பேரும் தாங்களும் உதவுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை, "நவுத்து, நவுத்து, இன்னும் நவுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அக்காவின் கை என் தலைக்கு மேலாக ஒருமுறை முன்னால் போய்விட்டு வந்தது. பஸ் கடந்துபோன பிறகு பார்த்தேன். செத்துப்போன முள்ளுக்குக் கீழே கண்ணாடியில் அக்காவின் மெரூன் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அக்காவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் எந்நேரமும் ஏழெட்டுப் பொட்டுகள் இருக்கும். முகம் கழுவப் போகும்போது அம்மாவும் அக்காவும் அங்கேதான் ஒட்டிவைப்பார்கள். கண்ணாடி இருந்தால் பொட்டு இருக்கும் என்பதே என் எண்ணம். இந்தப் பொட்டைச் சுற்றி நூல் அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது மட்டும் புதிதாக இருந்தது.

"அக்கா, உன்ற பொட்டு மினுங்குது" என்றேன்.

அக்கா எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்தினாள். "மூச்ச நல்லா இழு சாமி. வளைவு வரப்போவுது." வளைவு வர இன்னும் நேரமிருந்தது.

டவுனில் பெட்ரோல் பங்க் வந்தபோது அப்பா, "போட்டுக்கறதுன்னா போட்டுக்கலாம்" என்றார்.

"லைட்டே எரியலீங்க அண்ணா. சேலத்துல போட்டுக்கலாம்" என்றார் சித்தப்பா. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலை இறங்கத் தொடங்கி ஐந்தாறு வளைவு தாண்டியிருப்போம். எஞ்சின் நின்றது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு சத்தமில்லாத வண்டி. அடுத்த வளைவில் பிரேக் கல்லாகிவிட்டது. சித்தப்பா சீட்டை விட்டு எழும்பி இரண்டு காலாலும் மிதித்ததைப் பார்த்தேன். கார் மலையோரச் சுவரில் உரசி, சக்கரம் வாய்க்காலில் இறங்கி நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளம். யாருக்கும் அடியில்லை. அக்கா என்னை நெரித்துவிடுவதுபோல் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல், "நம்ம ஜீப்பாட்டம் அப்பிடியே உருட்டிக்கிட்டு எறங்கிரலாமே?" என்றார்.

"ஜீப்புன்னா உருட்டலாமுங்க. இதுல எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக்கு புடிக்கும்" என்றார் சித்தப்பா. "காலைல சாவி போட்டப்பக்கூட அந்த லைட்டு நல்லா எரிஞ்சு அணைஞ்சுதுங்க அண்ணா. வழியில எரியவே இல்ல. சத்தியமா எரியல."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப வண்டி நின்னுருச்சு. இதுக்கு மேல நான் ஒண்ணுஞ் சொல்லல" என்று தொடங்கி அத்தை வெகுநேரம் சொன்னார். வந்த பஸ்ஸில் படி வரைக்கும் ஆட்கள். சித்தப்பா மட்டும் கேனோடு தொற்றிக்கொண்டு கீழே போனார். அப்பாவுக்கு அடுத்த பஸ்ஸில் போய்விடலாம் என்று மனமிருந்தது. ஆனால் ஜெர்மன் காரில் வருவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்குவது எப்படி? அவர் யோசித்து முடிப்பதற்குள் குரங்குகள் வந்து தட்டிலிருந்த வாழைப்பழத்தைச் சீப்போடு தூக்கிக்கொண்டு போய்விட்டன. அத்தை வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு அவற்றை விரட்டினார்.

சித்தப்பா ஒரு லாரியில் ஏறித் திரும்பி வந்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. லாரிக்காரர்கள் தள்ளிக்கொடுக்க, வண்டி ரோட்டுக்கு ஏறியது. அப்பாவும் அம்மாவும் சுவரில் உரசிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அக்காவும் மட்டும் உள்ளே ஏறியிருந்தோம். சித்தப்பா பெட்ரோலை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். அவர் கை பாதியில் நின்றது.

நகத்தால் பொட்டை மெல்ல எடுத்தார். அதற்குக் கீழே ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கண்ணாடி வழியாக வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சித்தப்பா திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பொட்டு உழுந்து கெடந்துது கண்ணு" என்று அவள் நெற்றியில் அழுத்தி ஒட்டினார். "நெத்தி வெறுசா இருந்தா உங்கம்மா வையும்."

அக்கா வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு ஓடி வந்த அம்மா, கைநழுவிப்போன மாப்பிள்ளைக்காக அழுகிறாள் என்று நினைத்து, "உடு கண்ணு, இதவிட நல்ல எடமா வரும்" என்று தேற்றினாள்.

நாங்கள் ஊருக்கே திரும்பினோம். வழியிலேயே வண்டி நின்ற சம்பந்தம் வேண்டாம் என்று இரண்டு நாளில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். காரின் கீறல் முதலாளி கண்ணுக்குத் தப்பவில்லை. அதன் சாவி சித்தப்பாவிடமிருந்து போனது. அப்புறம் கடைசிவரை ஜீப்தான். அப்பா ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் சித்தப்பாவிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "லைட்ட நம்பிட்டனுங்க." அப்பாவின் அலமாரி மட்டும் எப்படியோ திறந்து, அந்தக் கடிதம் அக்கா கைக்கு வந்தது. அடுத்த வரன் வருவதற்குள் அக்கா டிரெயினிங்கில் சேர்ந்துவிட்டாள். பிறகு நர்ஸாக வேலை பார்த்து, தானே விரும்பியவரைக் கட்டிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து, என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் பொட்டை ஒட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மினுங்கல் எனக்கு என்னவென்று உறைத்தது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்போது சித்தப்பா இல்லை. அக்காவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னைத் தவிர அந்தப் பொட்டைப் பார்த்த வேறு சாட்சி கிடையாது. ஆனாலும் அந்த நாட்களில் சித்தப்பாவை எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்தது நான்தான். அவர் ஜீப்பை வாசலில் நிறுத்தும்போதெல்லாம் ஓடிப்போய், "சித்தப்பா, லைட்டு எரியுதுங்களா?" என்று கத்துவேன். "இல்லீங்க சாமி, எரியல" என்பார் அவர், ஒவ்வொரு தடவையும். வீடே சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்காமல் எழுந்து உள்ளே போய்விடுவாள். பாவம், அக்காவுக்கு வேடிக்கை புரியாது என்று நினைத்துக்கொள்வேன்.